பத்தொன்பதாவது நிமிடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவள். அமெரிக்காவில் கவுன்சலிங் சைக்காலஜியில் பிஎச்.டி முடித்து, ஆகஸ்டிலிருந்து ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் சென்டரில் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிறகான பயிற்சி வேலை) செய்கிறேன். ஆறு வருடப் படிப்பு, அதில் ஒரு வருடம் முழுநேர இன்டர்ன்ஷிப், எல்லாம் முடிந்து பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வந்த பிறகும் நான் எழுதும் ஒவ்வொரு நோட்டிலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா செஷனையும் கேமராவில் பதிந்து, வாரம் இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'இன்னுமா படிச்சு முடியல' என்று அம்மா போனில் கேட்கிறார். இந்தியப் பெயருள்ள மாணவர் என்றால் எனக்கே ஒதுக்கிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு தமிழ் மாணவர் தமிழில் பேசலாமா என்று கேட்டார். பதிவைப் பார்க்கும் சூப்பர்வைசருக்குப் புரியாதே என்று ஆங்கிலத்திலேயே பேசச் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு முறைதான் வந்தார். படித்து முடித்தபின் வேலை பார்க்க மாணவர் விசாவில் தரும் அனுமதி, ஓபிடி, அடுத்த வருடம் முடிகிறது. லைசென்ஸ் வாங்கித் தனியாக பிராக்டிஸ் தொடங்குவதா, சென்டரிலேயே வேலை தேடுவதா? இந்த ஒரு வருடத்தால் உண்மையில் என்ன பயன்?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒரு கண்டிப்பு. அந்த மாணவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த நான்கு வரிகளை வெட்டிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். அவர் எந்த ஊர், என்ன படிக்கிறார் என்பதெல்லாம் எனக்கு வந்து சேரவே கூடாத விஷயங்கள். என்மேல் உள்ள நம்பிக்கையில் எழுதியிருப்பீர்கள், தெரியும். அவர் நம்பியது உங்களை, என்னை அல்ல. இனி யாருக்கும் இப்படி எழுதாதீர்கள்.

விசாவுக்கு வக்கீலைப் பாருங்கள். பல்கலைக்கழக வேலைக்கு எச்1பி வேலை விசாக் குலுக்கல் கிடையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். லைசென்ஸ் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் சூப்பர்வைசரின் கீழ் 3,000 மணி நேர வேலை கேட்கிறார்கள், அதில் 1,500 பட்டத்துக்குப் பிறகு. சில மாநிலங்கள் பட்டத்துக்குப் பிந்தைய மணி நேரத்தைக் கேட்பதையே விட்டுவிட்டன. நீங்கள் இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் போர்டு விதியைப் படித்துவிட்டு, லைசென்ஸுக்கான, 225 கேள்விகள் கொண்ட இபிபிபி பரீட்சைக்குத் தேதி வாங்குங்கள். அம்மாவிடம், டாக்டருக்குப் படித்தவர்கள் ஹவுஸ் சர்ஜன் பார்ப்பதில்லையா, அது மாதிரி என்று சொல்லுங்கள். முழுக்கச் சரியான ஒப்பீடு இல்லை, ஆனால் அம்மாவுக்குப் போதும். இந்தியப் பெயர் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். பஞ்சாபிலிருந்து வந்த பிள்ளையும் நீங்களும் பேசிக்கொள்ளக்கூடிய ஒரே மொழி ஆங்கிலம்தான், அதை எந்த கவுன்சலரும் பேசுவார். டிரெய்னிங் டைரக்டருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

மறுகையெழுத்தையும் கேமராவையும் பற்றிக் கோபப்பட்டிருக்கிறீர்கள். இன்று உங்கள் வேலை அவருடைய லைசென்ஸின் கீழ் நடக்கிறது. நோட்டில் அவர் கையெழுத்துப் போடும்போது உங்கள் முடிவை அவரும் சேர்ந்து சுமக்கிறார். செஷனைப் பதிவது பல்கலைக்கழகத்துக்குப் புதிதும் இல்லை. 1940களின் தொடக்கத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜிஸ்ட் கார்ல் ரோஜர்ஸ் செஷன்களை இசைத்தட்டில் பதிந்து, மாணவர்களோடு திரும்பத் திரும்பக் கேட்டார். 1945இல் சிகாகோ போய் அங்கே ஒரு கவுன்சலிங் சென்டரைத் தொடங்கினார். பதிவு வருமுன் அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் மருத்துவரின் ஞாபகம்தான் சாட்சி. ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் பேசும்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் நான் இரண்டு நாளாக நிற்கிறேன். ஒரு பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்து தமிழில் பேசலாமா என்று கேட்டிருக்கிறான். நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள்.

எவ்வளவு தயங்கி அவன் அதைக் கேட்டிருப்பான் என்று யோசித்தீர்களா? நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்ப் பெயரைப் பார்த்தாலே ஓடிவிடுவார்கள், எப்படியாவது விஷயம் ஊருக்குப் போய்விடும் என்று பயம். பதினெட்டு தாண்டியவன், அவன் சம்மதம் இல்லாமல் அம்மா அப்பாவிடம் சொல்ல மாட்டோம் என்று படிவத்தில் போட்டிருந்தாலும் நம்ப மாட்டார்கள். அதையும் மீறி ஒருவன் கேட்டிருக்கிறான். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடலாம். தமிழில் அப்படி முடியாது. நெஞ்சு அடைக்குது, வயித்தைப் பிசையுது, மனசே வெறுத்துப்போச்சு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்குத்தான் கேட்டிருக்கிறான்.

உங்களைப் போலப் பயிற்சியில் இருந்தபோது இப்படி ஒரு மாணவனிடம் நான் தமிழில் பேசினேன். அது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும், அதனால்தான் இந்தப் பதில்.

2012இல் நான் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக். என் சூப்பர்வைசர் அறுபது தாண்டிய அம்மாள், சோளக்காட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே என்னைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும். ஒரு மாணவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). இரண்டாவது செஷனிலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. எங்கள் சென்டரில் ஒவ்வொரு முறையும் அறைக்குள் வருமுன் டேப்லெட்டில் சி-கேப்ஸ் என்ற மனநிலைக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும், 34 வரிகள், கடந்த இரண்டு வாரத்துக்கு 0 முதல் 4 வரை. அதில் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய வரிக்கு அவன் 0, அதாவது இல்லவே இல்லை என்று போட்டிருந்தான்.

செஷனுக்கு மறுநாள் பதிவை ஓடவிட்டு, சூப்பர்வைசருக்கு நான் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர் ஞாபகம், சரியாகச் சாப்பிடுவதில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போனால் நிம்மதி என்கிறான். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். இதுவரை 'நீங்க' என்று ஒரு சத்தம் உன் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது, பத்தொன்பதாவது நிமிடத்திலிருந்து அது வரவில்லை, 'நீ' என்று வேறு ஏதோ வருகிறது, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாதவர் கேட்டார்.

திரும்ப ஓடவிட்டோம். அவன் சொன்னது இது: "எல்லாத்தையும் விட்டுட்டுப் போய்ச் சேந்துட்டா நிம்மதிக்கா." நான் சொன்ன பதில் இது: "சீ, என்ன பேச்சு இது? நீ மொதல்ல சாப்பிட்டியா?"

போய்ச் சேர்வது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பாட்டி ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வார், நான் போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்று. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அந்தக் காதோடுதான் இவனையும் கேட்டிருக்கிறேன், கேட்டு ஆங்கிலத்துக்கு மாற்றும்போது 'ஊருக்குப் போக ஆசைப்படுகிறான்' என்று ஆக்கியும் விட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை. அந்த நிமிடம் அறையில் இருந்தது சைக்காலஜிஸ்ட் அல்ல, அவனுடைய அக்கா, அக்காவுக்கு அந்த வார்த்தையைக் கேட்கத் தாங்கவில்லை.

சூப்பர்வைசர் அறையிலிருந்தே அவனுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்றான். ஆங்கிலத்தில் எத்தனையோ பேரிடம் நேராகக் கேட்டுப் பழகிய கேள்வி, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தமிழில் அது என் வாயில் வரவில்லை. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். அவனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூணு வாரமா" என்றான். அப்புறம் பேசினான். அன்று இரவு யாரோடு இருப்பான் என்பது முதல் ஒவ்வொன்றாக எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, சூப்பர்வைசர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெகுநாள் கழித்து, டேப்லெட்டில் ஏன் 0 போட்டீர்கள் என்று கேட்டேன். இங்கிலீஷில் படிக்கும்போது அது வேறு யாரையோ கேட்கிற மாதிரி இருந்தது என்றான்.

இந்த ஒரு வருடத்தால் என்ன பயன் என்று கேட்கிறீர்களே, எனக்குக் கிடைத்தது அந்தப் பத்தொன்பதாவது நிமிடம். தனியாக பிராக்டிஸ் வைத்திருந்தால் அன்று என்னை நிறுத்தியிருக்க ஆள் இல்லை. தெரியாத ஆளிடம் நாம் ஜாக்கிரதையாகத்தான் இருப்போம். நம்ம ஊர்ப் பிள்ளை வந்து உட்காரும்போதுதான் காது தூங்கிவிடுகிறது, அந்த இடத்தில்தான் இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மொழி தெரியாதவராக இருந்தாலும்.

அதனால் சூப்பர்வைசருக்குப் புரியாது என்பதை ஒரு காரணமாக இனிமேல் சொல்லாதீர்கள். புரியவைப்பது உங்கள் வேலை. தமிழில் பேசுங்கள், பதியுங்கள், பதிவில் பத்து நிமிடத்தை எடுத்து வரிக்கு வரி மொழிபெயருங்கள். சுருக்கம் கூடவே கூடாது, நான் சுருக்கிச் சொல்லித்தான் கோட்டைவிட்டேன். எங்கே 'நீங்க', எங்கே 'நீ', எங்கே அக்கா என்றான், எங்கே சிரித்தான், எல்லாம் தாளில் இருக்கட்டும். பத்து நிமிடப் பேச்சுக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை உங்கள் அட்டவணையிலேயே ஒதுக்கித் தரச் சொல்லி டைரக்டரிடம் கேளுங்கள், ராத்திரி வீட்டில் செய்யாதீர்கள், பதிவு சென்டரை விட்டு வெளியே போகக் கூடாது. நேரம் இல்லை என்பார்கள். 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஒரு கவுன்சலர் என்பது பழைய அளவுகோல், அதையே எட்டாத சென்டர்கள் ஏராளம், அவர்கள் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் கேளுங்கள். அந்த மாணவர் எழுதிக் கொடுத்து சம்மதித்தால், தமிழ் தெரிந்த லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

தனி பிராக்டிஸா, சென்டரா என்ற உங்கள் கேள்வியைப் பரீட்சை முடித்த பிறகு எழுதுங்கள், பேசலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, இன்றைக்கே சென்டரின் போர்ட்டல் வழியாக அந்த மாணவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், வாட்ஸப் வேண்டாம். போன முறை தமிழில் பேசலாமா என்று கேட்டீர்கள், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, பேசலாம், வியாழக்கிழமை இந்த நேரம் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று.