கனடியக் கடற்படை அதிகாரிகளில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார், ஏன்?

ரியர் அட்மிரல் லெனர்ட் வாரன் மர்ரே. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போர்ப் பகுதி ஒன்றுக்குத் தலைமை வகித்த ஒரே கனடியர் அவரே. அப்படிப்பட்டவரை ஒரு கலவரத்தோடு மட்டும் சேர்த்து நினைவுகூர்வது பெரும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

1896இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் பிறந்த மர்ரே, அங்குள்ள துறைமுக நகரான ஹாலிஃபாக்ஸில் 1911இல் தொடங்கப்பட்ட கடற்படைக் கல்லூரியின் முதல் அணி மாணவர். 1941இல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் அவர் ஏற்ற பொறுப்பு, பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் ஆயுதங்களும் ஏற்றிச் சென்ற வணிகக் கப்பல் அணிகளை ஜெர்மானிய நீர்மூழ்கிகளிடமிருந்து காப்பதாகும். காவலுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அலையில் கடுமையாக உருளும் சிறு கொர்வெட் கப்பல்கள். அவற்றில் பணியாற்றியவர்களில் பலர் போருக்கு முன் கடல் வாழ்க்கையையே அறியாத இளைஞர்கள். அந்தப் படையைக் கொண்டே அட்லாண்டிக் வழித்தடம் அறுபடாமல் காத்ததில் மர்ரேவின் பங்கு பெரிது. 1943 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த மாநாட்டின் முடிவுப்படி, ஏப்ரல் இறுதியில் வடமேற்கு அட்லாண்டிக்கின் தலைமைத் தளபதிப் பொறுப்பு ஹாலிஃபாக்ஸிலிருந்த அவரிடம் வந்தது.

1945 மே 7, 8 தேதிகளில், ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தியை ஒட்டி, ஆண்டுக்கணக்கில் நெரிசலில் தவித்த ஹாலிஃபாக்ஸில் கலவரம் வெடித்தது. உணவகங்களும் திரையரங்குகளும் மூடிக்கிடக்க, மதுக்கடைகள் சூறையாடப்பட்டன; மூவர் உயிரிழந்தனர். முதல் இரவே குழப்பம் மூண்டிருந்தும், மறுநாளும் ஆயிரக்கணக்கான மாலுமிகளைக் கரையிறங்க அனுமதித்தது மர்ரேவின் தவறான முடிவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூறையாடியவர்களில் நகர மக்களும் இருந்தார்கள். கொண்டாட்டத்துக்கு முறையான ஏற்பாடு செய்யத் தவறியதில் நகர நிர்வாகத்துக்கும் பங்குண்டு. நீதிபதி கெல்லக் தலைமையிலான விசாரணை ஆணையமோ முதன்மைப் பழியைக் கடற்படைத் தலைமையின் மேல் சுமத்தியது. அதற்கு முன்பே மர்ரே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

பழியைத் தம் மாலுமிகள் மேல் தள்ள மனமில்லாத அவர், நாட்டை விட்டு இங்கிலாந்து சென்று, ஐம்பது வயதை எட்டும் பருவத்தில் சட்டம் பயின்று, கடல்சார் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரானார். 1971இல் அங்கேயே காலமானார்.