கிளட்ச் நழுவினால் முதலில் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 20 வருடப் பழைய 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமுகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை. கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றலாமா?
– ஆலந்தூர் வாசகர்

பதில்: மாற்றலாம். ஆனால் கவரில் கை வைக்கும் முன் கிளட்ச் லீவரைப் பாருங்கள். அதன் நுனி 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் ஒயர் கிளட்சை எந்நேரமும் லேசாக இழுத்துக்கொண்டிருக்கும். புது பிளேட் போட்டாலும் நழுவும். அடுத்து ஆயில். காருக்கு வாங்கி மிஞ்சியதை ஊற்றியிருந்தால் அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கலாம். ஆயிலிலேயே ஊறும் கிளட்சுக்கு அது ஆகாது. டப்பாவில் இத்தகைய பைக் கிளட்சுக்கான தரக் குறியீடான ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) என்று போட்டிருக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால்தான் பிளேட் வேலை. இன்ஜின் ஆறியபின் ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்கக் கவரை எடுங்கள். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் கவரின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். கவர் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியம் கீறிவிட்டால் ஆயில் கசிவு நிற்காது. மரக்கட்டையால் சுற்றிலும் தட்டினால் போதும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சில மாடல்களில் நடுவில் லாக் நட்டும் உண்டு. அதை உளியால் தட்டிக் கழற்றுவது நம்மூரில் சகஜம், நட்டின் ஆயுளும் அத்தோடு சரி. அதற்கென உள்ள சாக்கெட்டை உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள். பிளேட்டுகள் வந்த வரிசையையும் திசையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து, அடியில் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் வெந்துபோனது. இரண்டுமே குப்பைக்கு. பலரும் கவனிக்காமல் விடுவது பிளேட்டுகள் உட்காரும் கூடான ஹவுசிங்கை: அதன் பற்களில் பிளேட் தட்டித் தட்டிப் பள்ளம் விழுந்திருக்கும். லேசானதை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது பிளேட்டும் அந்தப் பள்ளத்தில் மாட்டி, கிளட்ச் முழுதாக விடாது.

ஸ்டீல் பிளேட்டுகளுக்கு இடையே வரும், உராய்வுப் பூச்சுள்ள புதிய கார்க் பிளேட்டுகளைப் புது இன்ஜின் ஆயிலில் ஓர் இரவு ஊறவையுங்கள். காய்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்பிரிங்குகளை செட்டாக மாற்றுங்கள், ஒன்றிரண்டு மட்டும் வேண்டாம். போல்ட்டை முறுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள். அலுமினிய மரை சட்டென்று உருவிக்கொள்ளும். கேஸ்கட் புதிதாகவே இருக்கட்டும். கடைசியில் கையேட்டில் உள்ள அளவுக்கு ஆயில் ஊற்றி, லீவர் ஆட்டத்தை மறுபடி சரிசெய்யுங்கள்.

கேள்வி: காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி குதிக்கிறது. பிளேட் போய்விட்டதா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: ராத்திரி முழுக்க நின்றதில் பிளேட்டுகள் ஆயிலோடு ஒட்டியிருக்கும். ஸ்டார்ட் செய்யுமுன் கிளட்சைப் பிடித்து, கியரில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சூடான பிறகும் குதித்து, நியூட்ரலும் விழ மறுத்தால் லீவர் ஆட்டம் அதிகமாக இருக்கலாம், அல்லது ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கலாம்.