பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் கிராஃபீன் மின்தேக்கி செய்ய முடியுமா?

பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கிராஃபீனை, அதாவது ஒரே அணு தடிமனுள்ள கார்பன் ஏட்டைக் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கும் எளிய கருவியைத் தாங்களே செய்ய இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும். ஆனால் கிராஃபைட்டைக் கிராஃபீன் ஆக்சைடாக மாற்றுவதற்காக அடர் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கலக்கும் ஹம்மர்ஸ் முறையைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டாம். அக்கலவையில் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு சூடேறினால் வெடிக்கும்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட வழி இதைவிடப் பாதுகாப்பானது. கிராஃபைட் தூளைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் அதன் அடுக்குகள் நழுவி மெல்லிய கிராஃபீன் ஏடுகளாகப் பிரியும். (அந்த மிக்ஸி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.) ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலே நிற்கும் கருஞ்சாம்பல் நீரை மட்டும் இறுத்து, வடிதாளில் கரும்படலம் படியும்வரை வடிக்க வேண்டும். சோப்பு ஒட்டியிருந்தால் துகள்களுக்கிடையே மின்தடை கூடும் என்பதால், வடிநீரில் நுரை எழாத நிலை வரும்வரை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். படலத்தை முழுவதும் உலரவிடாதீர்கள். உலர்ந்தால் மெல்லேடுகள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

100 மில்லிலிட்டர் கரைசலில் 14.2 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட் இருந்தால் அது 1 மோலார் செறிவுள்ள மின்பகுளி (அயனிகளால் மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்). அதில் நனைத்த வெற்று வடிதாளை நடுவில் வைத்து, படலம் படிந்த இரு தாள்களைக் கறுப்புப் பக்கம் வெளியே தெரியுமாறு இருபுறமும் அடுக்கி, கிராஃபைட் தகடுகளால் மூடிக் கிளிப் போட்டு இறுக்கினால் கருவி தயார். இதில் வேதிவினை மூலம் சேமிப்பு நடப்பதில்லை. சோடியம் அயனிகள் எதிர்முனையிலும் சல்பேட் அயனிகள் நேர்முனையிலும் பரப்பை ஒட்டித் திரள்வதே சேமிப்பு.

தண்ணீர் 1.23 வோல்ட்டுக்கு மேல் சிதையத் தொடங்கும். ஆகவே 1.5 வோல்ட் பேட்டரியை நேரடியாக இணைக்காமல், இரண்டு 100 ஓம் மின்தடைகளைத் தொடராக வைத்து, ஒன்றின் முனைகளில் கிடைக்கும் 0.75 வோல்ட்டால் மின்னேற்றுங்கள். பிறகு மின்னேற்றும் சுற்றை விலக்கி, 1000 ஓம் மின்தடை வழியே மின்னிறக்கி, மின்னழுத்தம் தொடக்க அளவில் 37 சதவீதமாகக் குறையும் நேரத்தைக் குறியுங்கள். அந்த விநாடிகளை 1000-ஆல் வகுத்தால் ஃபாரட் கணக்கில் மின்தேக்குத்திறன் ஏறக்குறைய வந்துவிடும். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் தேவை. மூன்று கருவிகளைத் தொடராக இணைத்தால் சற்று நேரம் எரியக்கூடும்.

என்னைக் கேட்டால், எல்இடியைவிட முக்கியமானது மிக்ஸியில் அடிக்காத கிராஃபைட் தூளை அதே எடையில் எடுத்து இன்னொரு கருவி செய்து இரண்டையும் ஒப்பிடுவதுதான். ஒரு கிராம் கிராஃபீனின் கோட்பாட்டுப் பரப்பு 2,630 சதுர மீட்டர். உங்கள் படலத்தில் பல அடுக்குத் துகள்களே மிகுதி என்பதால் அதில் சிறு பகுதிதான் கிடைக்கும்.