சோகம்தான் எழுத வைக்கிறதா? படைப்பாற்றலும் மனச்சோர்வும்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

வந்திருந்த கடிதங்களில் கலை, எழுத்து, மனச்சோர்வு ஆகியவற்றைத் தொட்டுக் கேட்டவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி ஊரும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன.

டாக்டர், நான் கவிதை எழுதுபவன், வயது 27. மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. என் நல்ல கவிதைகள் எல்லாம் மனம் உடைந்திருந்த காலத்தில் எழுதியவை. சோகம் போனால் கவிதையும் போய்விடாதா? (மதுரை)

எழுதுபவர்களும் வரைபவர்களும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். துயரத்திலிருந்து பாட்டுப் பிறக்கும் என்பதற்கு நம் ஊர் ஒப்பாரியைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ஆனால் ஒப்பாரி பாடும் பெண்ணுக்கு இழந்தவரின் நடையும் பேச்சும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன; அடுத்த அடிக்கான சொல் தானாக வந்து விழுகிறது. மனச்சோர்வு என்ற நோயில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், உறக்கமும் பசியும் கெட்டு, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைத் தேர்வதுகூட மலைப்பாகிவிடும் அளவுக்குச் சிந்தனை மந்தமாகிறது. சோகமாக இருப்பவரால் எழுத முடியும். கடுமையான மனச்சோர்வில் இருப்பவரால் பெரும்பாலும் எழுத முடியாது.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். தேதி போட்டு எழுதிய உங்கள் பழைய நோட்டுகளை எடுத்து, படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த மாதங்கள் எவை, கவிதை வந்த மாதங்கள் எவை என்று பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். இப்படிக் குறித்துக்கொண்டு வந்தவர்களில் பலருக்குக் கவிதைகள் நோய் முற்றிய மாதங்களில் இல்லை. அது கவியத் தொடங்கிய வாரங்களிலோ விலகத் தொடங்கிய வாரங்களிலோ இருக்கின்றன. பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒரே இருட்டுக் காலமாகத் தோன்றுவதால், கவிதையும் அந்த இருட்டின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் படைப்புப் பட்டியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனம் மிகுந்த எழுச்சியில் இருந்த 1840இலும் 1849இலும் அவர் எழுதிக் குவித்தார். சோர்வு ஆட்கொண்ட 1844இல் ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை. உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் இந்தப் பட்டியலை ஆராய்ந்து, மனவெழுச்சி ஆண்டுகளில் படைப்புகளின் எண்ணிக்கை கூடியதே தவிர அவற்றின் தரம் கூடவில்லை என்று காட்டினார்.

மருந்தைப் பொறுத்தவரை, டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ, மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் விசாரித்து 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 12 பேர் முன்பைவிட அதிகமாகப் படைக்க முடிந்தது என்றார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்துவிட்டது என்றார்கள். அது மிகச் சிறிய ஆய்வு, மருந்தும் உங்களுக்குத் தரப்பட்டது அல்ல. ஆனாலும் அந்தக் கடைசி ஆறு பேரை நான் மறைக்க விரும்பவில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளிலும் சிலருக்கு உணர்ச்சிகள் மழுங்கிவிட்டதுபோல் இருக்கும். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள்; அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், உளவியல் சிகிச்சையைச் சேர்க்கலாம். சாப்பிடத் தொடங்கிய மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது. முதலில் அட்டையைப் பிரியுங்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும்.

படைப்பாளிகளுக்கு மனநோய் அதிகம் என்பதற்கு உண்மையில் ஆதாரம் உண்டா? வகுப்பில் மாணவர்கள் கேட்கிறார்கள். (கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்)

பாதி உண்டு. மெய்யியல், அரசியல், கவிதை, கலை ஆகியவற்றில் சிறந்தவர்கள் ஏன் மனவாட்டம் மிக்கவர்களாக இருக்கிறார்கள் என்ற கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் தொகுப்பொன்றிலேயே இருக்கிறது. நவீன காலத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் 1987இல் வெளியிட்ட ஆய்வு: அயோவா எழுத்துப் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களில் 80 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் எப்போதேனும் மனநிலைக் கோளாறு இருந்தது, ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற 30 பேரில் 30 சதவீதத்தினருக்கு இருந்தது. இந்த எண்களைச் சொல்பவர்கள், பேட்டி எடுத்தவருக்கு யார் எழுத்தாளர், யார் இல்லை என்பது முன்கூட்டியே தெரியும் என்பதைச் சொல்வதில்லை.

பெரிய கணக்கு சுவீடனிலிருந்து வந்தது. சைமன் சியாகாவும் குழுவினரும் ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளையும் அவர்களின் உறவினர்களையும் அரசுப் பதிவேடுகளின் வழியாக ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இது: கலை, அறிவியல் சார்ந்த படைப்புத் தொழில்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், மிதமிஞ்சிய வேகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறான பைபோலாரைத் தவிர வேறு எந்த மனநோயும் அவர்களிடம் கூடுதலாக இல்லை. எழுத்தாளர்கள் மட்டும் விதிவிலக்கு. மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம், தற்கொலை ஆகிய எல்லாமே அவர்களிடம் அதிகம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: பைபோலார் உள்ளவர்களின் நோயில்லாத உடன்பிறந்தோர் படைப்புத் தொழில்களில் கூடுதலாக இருந்தார்கள். நோய்க்கும் திறமைக்கும் பொதுவான ஏதோ ஒன்று குடும்பத்தில் இருக்கலாம், ஆனால் திறமைக்கு நோயே தேவைப்படவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

அப்படியானால் இரண்டும் ஏன் ஒரே ஆளிடம் சேர்கின்றன? 2005இல் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, படைப்பூக்கத்தோடு தொடர்புடையதாகத் தெரிவது மனச்சோர்வு அல்ல, தன்னைத் தானே துருவிப் பார்க்கும் பழக்கம் என்றது. அந்தப் பழக்கம் ஒரு பக்கம் எழுத வைக்கிறது. மறுபக்கம், அதே எண்ணத்தையே அசைபோட வைத்து மனச்சோர்வுக்கும் வழி திறக்கிறது. மனநிலையையும் படைப்பூக்கத்தையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரையும், உற்சாகமான மனநிலை படைப்பூக்கத்தைக் கூட்டுகிறது, சோகத்துக்கு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை என்றே முடித்தது.

மாணவர்கள் ஆத்மாநாமின் பெயரைச் சொல்லக்கூடும். ‘ழ’ இதழை நடத்திய அந்தக் கவிஞர் மனநோயோடு போராடியதும் 1984இல் 33 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டதும் உண்மை. அதை நோய் தந்த கொடையாகப் பேசும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வரும். தமிழ் வாசகருக்குக் கிடைத்திருக்க வேண்டிய முப்பது நாற்பது ஆண்டுக் கவிதைகளை அந்த நோய் எடுத்துக்கொண்டது.

என் மகன் ஓவியக் கல்லூரியில் படிக்கிறான். இரண்டு மாதமாக அறையை விட்டு வருவதில்லை, குளிப்பதில்லை. கலர் எல்லாம் தட்டிலேயே காய்ந்து கிடக்கிறது. கேட்டால், “ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தான்மா இருப்பான்” என்கிறான். (ஒரு தாய், கும்பகோணம்)

அம்மா, நீங்கள் கவனித்த காய்ந்த கலர் தட்டுதான் இங்கே முக்கியமான அறிகுறி. ஓவியர்கள் விடிய விடிய விழித்திருக்கலாம், சாப்பாட்டை மறக்கலாம். ஆனால் அப்போது வரைந்துகொண்டிருப்பார்கள். உங்கள் மகன் வரைவதும் இல்லை என்றால் அது கலைஞனின் குணம் அல்ல. எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் வான்கோவே 1889 ஜூலையில் நோய் முற்றியபோது வாரக்கணக்கில் தூரிகையைத் தொட முடியாமல் கிடந்தார். செயின்ட் ரெமி மருத்துவமனையில் இருந்த ஓராண்டில் அவர் வரைந்த சுமார் 150 ஓவியங்களில் பெரும்பாலானவை நோயின் பிடி தளர்ந்த இடைவெளிகளில் வந்தவையே.

“சோம்பேறி”, “ஊரான் பிள்ளையைப் பார்” போன்ற பேச்சை முற்றாக நிறுத்துங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு முடியலைன்னு தெரியுது, நான் கூட வரேன், ஒரு தடவை டாக்டரைப் பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்ட பிறகு பலருக்குப் பாரம் குறைகிறது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதேபோல் முடக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். கோயிலுக்கு அழைத்துப் போவதில் தவறில்லை, அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பத்து நாளாக மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன், களைப்பே இல்லை. திரைக்கதை பாதி முடிந்துவிட்டது. கடன் வாங்கி கேமரா வாங்கிவிட்டேன். போன வருடம் இதே நேரத்தில் மனச்சோர்வில் கிடந்தேன். இப்போது முழுக்கக் குணம்தானே? (கோவை)

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். முன்பு சோர்வு, இப்போது தூக்கமில்லாத வேகம், யோசிக்காமல் வாங்கிய கடன் ஆகிய மூன்றும் சேரும்போது பைபோலார் கோளாறா என்று பார்த்தாக வேண்டும். மனச்சோர்வு மாத்திரை ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். சிலருக்கு அதுவே இந்த வேகத்தைத் தூண்டிவிடும். கேமராவைத் திருப்பித் தர முடியுமா என்று வீட்டில் ஒருவரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பெக் போட்டால்தான் எழுத்து ஓடுகிறது. (பெயரும் ஊரும் வேண்டாம்)

தயக்கம் குறைவதால் ஓடுவதுபோல் தெரிகிறது. மது மனச்சோர்வைக் கூட்டும், உறக்கத்தைக் கெடுக்கும். இரவில் எழுதியதை மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள்.

போரில் அண்ணனை இழந்தேன். பல வருடம் மனச்சோர்வில் இருந்து மீண்டேன். “துன்பம் உங்களைப் பக்குவப்படுத்திவிட்டது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. என்னிடம் ஏதும் குறையா? (ஆசிரியர், வவுனியா)

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் பேரிழப்புக்குப் பின் சிலரிடம் தெரியும் வளர்ச்சியை 1990களில் ஆராய்ந்து, உறவுகள் நெருங்குவது, புதிய வழிகள் தெரிவது, தன் வலிமையை உணர்வது, ஆன்மிக மாற்றம், வாழ்வைப் போற்றுவது என்று ஐந்து தளங்களாக வகுத்தார்கள். வளர்ச்சி வலிக்கு மாற்றாக வருவதில்லை, இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்கலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆறுதல் சொல்பவர்கள் இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள். மனம் உடைவதே உயர்ந்த ஆளுமைக்கு வழியாகலாம் என்று எழுதிய போலந்து மனநல மருத்துவர் காசிமிர்ஸ் டாப்ரோவ்ஸ்கியும், எல்லா உடைவும் அப்படி முடிவதில்லை, சில வெறும் சிதைவாகவே நின்றுவிடும் என்று ஒப்புக்கொண்டவர்தான்.

இன்னொன்றும் உண்டு. 2009இல் பட்ரீசியா ஃப்ரேசியர் குழுவினர், மாணவர்களை அதிர்ச்சி நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தபோது, “நான் வளர்ந்துவிட்டேன்” என்று அவர்கள் உணர்ந்ததற்கும் அவர்களிடம் உண்மையில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரிதாகப் பொருத்தமில்லை. ஆகவே வளர்ந்ததாக உணராததை நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கோபம் உறக்கத்தைக் கெடுத்தாலோ வகுப்பில் பிள்ளைகள்மேல் பாய்ந்தாலோ மட்டும் உதவி தேடுங்கள். இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம்.

மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்கிறார்கள். ஒரு வருடமாகத் தினமும் டைரி எழுதுகிறேன், இன்னும் மோசமாகிறது. (சென்னை)

அந்த அறிவுரை பிறந்தது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையிலிருந்து. மாணவர்கள் தங்கள் வாழ்வின் கசப்பான அனுபவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாட்கள் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் மனம் கனத்தது; அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் செல்வது குறைந்தது. நான்கு நாள் சோதனை, நம்மிடம் வந்து சேரும்போது முடிவில்லாத டைரியாகிவிட்டது. உங்கள் டைரியில் ஏதேனும் ஒரு வாரத்துப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். ஒரே குற்றச்சாட்டு ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால், அது அசைபோடுவதைத் தாளில் செய்வதுதான். டைரியைச் சில வாரம் மூடி வையுங்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், நடந்ததை “நான்” என்று எழுதாமல், “அவள்” என்று கதைபோல எழுதி, கடிகாரம் வைத்து 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். நாளில் ஒரு சிறு வேலையை, அரை மணி நேர நடையோ தோழியின் வீட்டுக்குப் போய் வருவதோ, மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அந்த டைரியையும் எடுத்துக்கொண்டு ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். எதைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்பது அவருக்கு அதிலிருந்தே பிடிபட்டுவிடும்.