டேட்டாடேபிளுக்குள் படம் மட்டும் ஏன் வருவதில்லை?

கேள்வி: பிரைம்ஃபேசஸ் (ஜாவாவில் வெப் பக்கங்களை உருவாக்க உதவும் நூலகம்) பயன்படுத்தி ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதி வருகிறேன். பணியாளர்களின் புகைப்படங்கள் டேட்டாபேஸில் பிளாப் ஆக, அதாவது வெறும் பைட்டுகளின் தொகுப்பாக, இருக்கின்றன. லாகின் செய்தவரின் படம் பக்கத்தின் மேல் மூலையில் ஒழுங்காக வருகிறது. ஆனால் டேட்டாடேபிளுக்குள் (வரிசை வரிசையாகத் தகவலைக் காட்டும் அட்டவணை) ஒவ்வொருவரின் படத்தையும் வைத்தால் பெயரும் துறையும் மட்டும் சரியாக வருகின்றன. படத்தின் இடத்தில் உடைந்த சின்னம்தான். பைட்டுகள் இருப்பதை லாக்கில் பார்த்துவிட்டேன். பீன் (பக்கத்துக்குத் தகவல் தரும் ஜாவா ஆப்ஜெக்ட்) வியூ ஸ்கோப்பில், அதாவது அந்தப் பக்கம் திறந்திருக்கும் வரை வாழும்படி, இருக்கிறது. தவறு எங்கே?

பதில்: நீங்கள் லாக்கில் பார்த்தவை பக்கம் உருவாகிக்கொண்டிருந்தபோது கையில் இருந்த பைட்டுகள். பிரவுசர் படத்தைக் கேட்பது அதற்குப் பிறகு. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லில் படம் கிடையாது, படத்தின் முகவரி மட்டுமே உண்டு. பிரவுசர் ஐஎம்ஜி டேகைப் பார்த்ததும் அந்த முகவரிக்குத் தனியாக ஒரு கெட் ரிக்வெஸ்ட் போடுகிறது. டேபிளில் 20 வரிசை இருந்தால் 20 ரிக்வெஸ்ட். பிரைம்ஃபேசஸில் படத்தைக் காட்டும் டேகான கிராஃபிக்இமேஜ், வேல்யூவில் நீங்கள் எழுதிய எக்ஸ்பிரஷனை ஒரு சாவியோடு செஷனில் (ஒரு பயனருக்காக சர்வர் வைத்திருக்கும் நினைவகம்) போட்டு வைத்துக்கொண்டு, அந்தச் சாவியைப் படத்தின் முகவரியில் சேர்த்துவிடும். படத்துக்கான ரிக்வெஸ்ட் வந்ததும் சாவியைக் கொண்டு எக்ஸ்பிரஷனை எடுத்து, புதிதாக இயக்கும். அது வைத்திருந்தது எக்ஸ்பிரஷனை மட்டும்தான், அதன் விடையை வைத்திருக்கவில்லை. இப்போது ‘ஊழியர்.படம்’ என்ற எக்ஸ்பிரஷனை இயக்கினால், ‘ஊழியர்’ என்ற வேரியபிளே அங்கு இல்லை. டேட்டாடேபிள் வரிசைகளைச் சுற்றும் வரை மட்டுமே உயிரோடு இருந்த வேரியபிள் அது. விடை நல், அதாவது ஒன்றுமில்லை. படம் உடைகிறது.

மேல் மூலைப் படம் வருவதற்கும் காரணம் இதுவே. லாகின் செய்தவரின் விவரம் செஷன் பீனில் இருக்கும். இரண்டு ரிக்வெஸ்டிலும் அதே பீன் கிடைக்கும். வியூ ஸ்கோப் பீன் அப்படியல்ல. படத்துக்கான கெட் ரிக்வெஸ்ட் வியூ ஸ்டேட்டை (எந்தப் பக்கம் என்று அடையாளம் காட்டும் தகவல்) சுமந்து வருவதில்லை என்பதால், அதற்குப் பழைய பீன் கிடைக்காது. புதிதாக ஒரு வெற்று பீன்தான் பிறக்கும்.

ஆகவே படத்துக்கான ரிக்வெஸ்ட் தனக்கு வேண்டிய தகவலைத் தானே கொண்டுவர வேண்டும். கிராஃபிக்இமேஜுக்குள் ஓர் எஃப்:பாராம் (முகவரியோடு ஒரு பாராமீட்டரைச் சேர்க்கும் டேக்) வைத்து, வரிசையின் ஐடியை அதில் கொடுங்கள். வேல்யூவில் வரிசையின் வேரியபிளைத் தொடாமல், படத்துக்கென்றே தனியாக எழுதிய ஒரு பீனின் மெத்தடைச் சொல்லுங்கள். அந்த பீன் ரிக்வெஸ்ட் ஸ்கோப்பிலோ (ஒரு ரிக்வெஸ்ட் வரை) அப்ளிகேஷன் ஸ்கோப்பிலோ (அப்ளிகேஷன் ஓடும் வரை) இருக்கட்டும். மெத்தடுக்குள் முதலில் எந்தக் கட்டம் நடக்கிறது என்று பாருங்கள்: ரெண்டர் ரெஸ்பான்ஸ் என்றால் பக்கம்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது, வெறும் டிஃபால்ட்ஸ்ட்ரீம்டுகன்டென்ட் (பைட்டுகளைப் பிரவுசருக்கு அனுப்பும் ஸ்ட்ரீம்டுகன்டென்ட் வகை ஆப்ஜெக்ட்) ஒன்றைத் திருப்பி அனுப்பினால் போதும். இல்லையென்றால் வந்திருப்பது படத்துக்கான ரிக்வெஸ்ட். ரிக்வெஸ்ட் பாராமீட்டரிலிருந்து ஐடியை எடுத்து டேட்டாபேஸைக் கேளுங்கள். பிரைம்ஃபேசஸ் 8ஆம் பதிப்பிலிருந்து இந்த ஆப்ஜெக்டைப் படிப்படியாக உருவாக்கும் பில்டர் முறை வந்திருக்கிறது. அதில் திறந்த ஸ்ட்ரீமுக்குப் பதிலாக, ஸ்ட்ரீமைத் தரும் லாம்டாவை (தேவைப்படும்போது ஓடும் சிறு ஃபங்ஷன்) கொடுக்கலாம்.

இந்தக் கட்டத்தில் பலர் ஸ்ட்ரீம்டுகன்டென்ட் ஆப்ஜெக்டை பீனின் ஃபீல்டில் சேமித்து வைத்துவிடுகிறார்கள். இன்புட்ஸ்ட்ரீமை ஒருமுறைதான் படிக்க முடியும். முதல் தடவை படம் வரும், ரிஃப்ரெஷ் செய்தால் காணாமல் போகும். பைட் அரேயைச் சேமித்து வைத்தால் பரவாயில்லை, ஸ்ட்ரீமை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறக்க வேண்டும். பிளாப்பைப் படிக்கும் வேலையையும் கனெக்‌ஷன் மூடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உடைந்த சின்னமே வந்தால், டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து படத்தின் ரிக்வெஸ்டைப் பாருங்கள். ஸ்டேட்டஸ் 200 என்று இருந்தாலும் நம்ப வேண்டாம். உள்ளே வந்த முதல் சில பைட்டுகள்தான் உண்மையைச் சொல்லும். பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71 என்று தொடங்கும். ஜேபெக் என்றால் 255, 216, 255. ஜாவாவில் பைட்டுக்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டு என்பதால் டீபக்கரில் 137 என்பது -119 ஆகவும், 255 என்பது -1 ஆகவும் தெரியும். முதல் எண் 60 என்றால் அது ‘<’ குறி; படத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் லாகின் பக்கமோ எரர் பக்கமோ வந்திருக்கிறது, செக்யூரிட்டி ஃபில்டரைப் போய்ப் பாருங்கள். 239, 191, 189 என்று தொடங்கினால், வழியில் எங்கோ பைட்டுகளை ஸ்ட்ரிங்காக மாற்றியிருக்கிறீர்கள். யுடிஎஃப்-8இல் 137 தனியாக நிற்க முடியாது. அதனால் அந்த இடத்தில் மாற்று எழுத்து ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. போன பைட்டுகள் போனவைதான், திரும்பக் கிடைக்காது. பதிலை எழுத்துகளாக எழுதும் கெட்ரைட்டரை விட்டுவிட்டு, பைட்டுகளாக எழுதும் கெட்அவுட்புட்ஸ்ட்ரீமைப் பயன்படுத்துங்கள்.

படத்தை பேஸ்64 ஆக்கி (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி) எச்டிஎம்எல்லுக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இரண்டாவது ரிக்வெஸ்டே இல்லாததால் சிக்கல் தீரும் என்பது உண்மைதான். ஆனால் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகும். 60 கேபி படம் 80 கேபி ஆகும். 50 வரிசைக்கு 4 எம்பி. பிரவுசர் அதைத் தனியாக கேஷ் செய்யவும் முடியாது, பக்கம் வரும்போதெல்லாம் மொத்தமும் மறுபடி வரும். இப்போதுதான் அப்லோட் செய்த ஒரு படத்தின் முன்னோட்டத்துக்குச் சரி, டேபிளுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், படங்களுக்கென்று ஒரு சாதாரண சர்வ்லெட் (ரிக்வெஸ்டுக்கு நேரடியாகப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) எழுதுங்கள் என்பேன். 30 வரிக்குள் முடிந்துவிடும். முகவரியின் கடைசிப் பகுதியில் ஐடி வரட்டும், அதை கெட்பாத்இன்ஃபோ மூலம் எடுத்து, கன்டென்ட்-டைப்பையும் கன்டென்ட்-லெங்த்தையும் வைத்து, பைட்டுகளை எழுதிவிடுங்கள். நாளை வேறு ஃபிரேம்வொர்க்குக்கு மாறினாலும் இந்த நிரல் அப்படியே ஓடும். இன்னொரு வசதியும் உண்டு: எச்டிடிபிசர்வ்லெட்டில் கெட்லாஸ்ட்மாடிஃபைட் என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து, படம் கடைசியாக மாறிய நேரத்தைக் கொடுத்தால் போதும். பிரவுசர் தன்னிடம் உள்ள நகல் பழையதா என்று கேட்டு வரும்போது, மாறாத படத்துக்கு சர்வ்லெட்டே 304 (மாறவில்லை) என்று பதில் சொல்லிவிடும். படத்தை அனுப்பும் டூகெட் மெத்தட் ஓடவே ஓடாது, பிளாப்பையும் படிக்க வேண்டியதில்லை. படத்தை மாற்றியவுடன் புதியது தெரிய வேண்டுமென்றால், முகவரியின் முடிவில் மாற்றிய நேரத்தை ஒரு பாராமீட்டராகச் சேருங்கள்.

ஐடி இப்போது முகவரியிலேயே வெளியே தெரிகிறது. 41ஐ 42 ஆக்கிப் பார்க்க யாராலும் முடியும். அந்தப் படத்தைப் பார்க்க இவருக்கு அனுமதி உண்டா என்ற சோதனையைப் பக்கத்தில் வைத்தால் போதாது, சர்வ்லெட்டுக்குள்ளும் வையுங்கள். அனுமதி இல்லையென்றால் 404 (இல்லை) அனுப்புங்கள். பயனர்களே அப்லோட் செய்யும் படங்கள் என்றால் எஸ்விஜியை (உரை வடிவில் எழுதப்படும் படக் கோப்பு) ஏற்க வேண்டாம். அதற்குள் ஸ்கிரிப்ட் வைக்க முடியும், முகவரியை நேரடியாகத் திறந்தால் அது உங்கள் தளத்தின் பெயரில் ஓடும்.