37 டாலர் கசக்கிறதா?

கேள்வி: கம்போடியாவில் அங்கோர்வாட் பார்க்க ஒரு நாளைக்கு 37 டாலர் வாங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இலவசமாம்! போதாக்குறைக்கு, அரைக்கால் சட்டை போட்டிருந்தேன் என்று மேல்தளத்துக்கு விடவில்லை. ஏழை நாடு என்றால் வெளிநாட்டுக்காரன் தலையில் மிளகாய் அரைக்கலாமா?

பதில்: விமான டிக்கெட் வாங்கியபோது எரியாத வயிறு இங்கே எரிகிறதாக்கும்! 20 டாலராக இருந்த கட்டணம் 2017-இல் 37 ஆனது உண்மைதான். ஆனால் அது ஒரு கோயிலுக்கான கட்டணம் இல்லையே. பாயோன், மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் தா ப்ரோம் எல்லாம் அதே சீட்டில் அடக்கம். அதில் 2 டாலர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. மூன்று நாள் சீட்டு 62 டாலர்தான். அத்தனை கோயில்களையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பது உங்கள் அவசரம். அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

உள்ளூர்க்காரர்கள் அங்கே கும்பிடவும் வருகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில், பின்னாளில் பௌத்தத் தலமானது. மேற்கு வாசலில் எட்டுக் கை விஷ்ணு இன்றும் மஞ்சள் துணி சாத்தி நிற்கிறார், எதிரே ஊதுபத்தி புகைகிறது. நீங்கள் உள்ளே போன வழிதான், கவனித்தீர்களா? கும்பிடுகிறவனிடம் சீட்டுக் கேட்கச் சொல்கிறீர்களா? தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதும் புதிதாகக் கண்டுபிடித்த கெடுபிடி அல்ல.

நியாயமாக நீங்கள் கோபப்பட வேறு விஷயங்கள் உண்டு. சுவரில் இருக்கும் தேவமங்கையரில் சிலருக்கு மார்பு மட்டும் கறுத்துப் பளபளக்கும். சிற்பியின் வேலை இல்லை அது, நம்மைப் போன்ற பயணிகளின் கைவேலை. தொடாதே என்று எழுதிப் போட்டாலும் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம், பள்ளிக்கூட நேரத்தில் போஸ்ட்கார்டு விற்கும் பிள்ளைகள். இரக்கப்பட்டு ஒரு டாலர் கொடுத்தால், அந்தப் பிள்ளையை நாளைக்கும் வகுப்புக்குப் போகாமல் அங்கேயே நிறுத்திவைக்கிறது அந்த டாலர். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பெரியவர்கள் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.

சரி, காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மறுநாளுக்கான சீட்டை மாலை ஐந்து மணிக்கு மேல் வாங்கினால், அன்றைய அஸ்தமனத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். பௌத்த விரத நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். தேதி பார்த்துப் போங்கள்.