குறைந்த விலையில் சப்வூஃபருடன் (பாஸ் எனப்படும் தாழ்சுருதி ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) கணினி ஸ்பீக்கர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) வாட் எண்ணை முற்றிலும் புறக்கணித்துவிடுங்கள். அதை அளப்பதற்குப் பொதுவான முறையே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட் அளவையே பார்க்க வேண்டும். அதிலும் 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல், அதாவது காதுக்குச் சற்றே தெரியும் உயர்வு மட்டுமே என்பதால், ஒரு சிறிய அறைக்கு வாட்டைத் துரத்திப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

அந்தப் பணத்தைச் சப்வூஃபரின் பெட்டிக்குச் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய பிளாஸ்டிக் கூடு தானும் சேர்ந்து அதிர்ந்து பாஸ் ஒலியைக் கலங்கடிக்கும். அழுத்திய மரத்தூள் பலகையால் செய்த கனமான பெட்டி அவ்வாறு அதிர்வது குறைவு. பாஸ் அளவைத் தனியே கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பதும் அவசியம், ஏனெனில் சப்வூஃபரைச் சுவர் மூலையில் வைத்தால் பாஸ் தானாகவே மிகுந்துவிடும்.

மலிவான 2.1 தொகுப்புகளில் (இரண்டு பக்க ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர்) பக்க ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்பதால், ஆண்குரலின் அடிப்பகுதிகூடச் சப்வூஃபரிலிருந்தே வரக்கூடும். ஆகவே அதை அறையின் மறுகோடியில் வைக்காமல், மேசைக்கடியில் நடுவாக, தரையில் வையுங்கள். கடையில் கேட்டுப் பார்க்கும்போது, உங்களுக்கு நன்கு பழகிய பாடலையே, முதலில் குறைந்த ஒலியளவில் கேளுங்கள்.